துப்பறிவோனும் வக்கீலும்: தமிழ் மர்ம நாவலாசிரியர் பற்றிச் சில கருத்துக்கள்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஒரு காலப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். வேதநாயகம்பிள்ளை, ராஜமையர், மாதவையா ஆகியோரை விரிவாக ஆராய்ந்த பின்னர், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளைத் தழுவல்களின் காலம் என்றோ தேக்கத்தின் காலம் என்றோ ஓரிரு பக்கங்களிற் கூறிமுடித்துக் கல்கியிடம் வந்து சேர்வர். தேக்கம் என்று கூறப்படும் அக்காலத்திலேதான் தமிழ் நாவல் படித்தோர் சிலரின் திண்ணையை விட்டிறங்கி, புகையிரதப் பயணியரிடமும் வீட்டுப் பெண்களிடமும் சென்றடைந்தது. அது சென்ற வழி பெரும்பாலும் துப்பறியும் நாவலின் வழியே. அந்நாவல்களைச் சமூகவியற் சான்றாகப் பயன்படுத்துவோர் உளர்; வாசகரின் ரசனைக் குறைவுக்கு உதாரணமாகக் காட்டுவோரும் உளர். இவ்வாசிரியர்கள் கதையை எவ்வாறு கட்டினார்கள், எதை மறைத்தார்கள், மறைத்ததை எப்படி வெளிப்படுத்தினார்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. இக்கட்டுரை அவ்வகையான கேள்விகள் சிலவற்றைக் கேட்க முயல்கிறது.

தழுவல் என்ற குற்றச்சாட்டை முதலில் நோக்குவோம். அது பொய்யான குற்றச்சாட்டன்று. ஆரணி குப்புசாமி முதலியார் ஜி. டபிள்யூ. எம். றெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழ்ப்படுத்தித் தந்தார். இலண்டன் மாநகரப் பிரபுக்கள் தஞ்சைச் சீமை மிராசுதார்களாயினர். பெயரையும் உடையையும் மாற்றிவிட்டால் ஒரு கதை நம்முடையதாகிவிடாது என்பதற்கு 'இரத்தினபுரி இரகசியம்' போன்ற நூல்களே போதிய சான்று. ஆனால் முதலியாருக்குக் கூறியதையே மற்றெல்லோருக்கும் கூறிவிடுதல் திறனாய்வாகாது. ஒரு மர்மக் கதை எங்கே நம் மண்ணுக்குரியதாகிறது என்பதை அறிய வேறோர் அளவுகோல் வேண்டும். அதில் நிகழும் குற்றம் எத்தகையது, அதைப் பற்றி நியாயம் கேட்கும் உரிமை யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நோக்குவதே பொருத்தமான அளவுகோலென எனக்குத் தோன்றுகிறது.

1887இல் தோன்றிய ஷேர்லக் ஹோம்ஸ் அந்நியர் நிறைந்த ஒரு பெருநகரத்தின் புதல்வன். பக்கத்து வீட்டார் யாரெனத் தெரியாத ஊரிலேதான் ஒருவனுடைய காலணியின் சேற்றைக் கொண்டு அவன் எங்கிருந்து வந்தான் என்று ஊகிக்கும் திறன் வியப்பைத் தரும். நம் ஊர்களிலோ, வந்தவன் யார், எந்தப் பகுதி, யாருக்கு என்ன முறை என்பதை ஒழுங்கையில் நிற்கும் கிழவியே கூறிவிடுவாள். இங்கே மறைந்திருப்பது ஆளன்று. வீட்டுக்குள் நடந்த செயல். சீதனம், உயில், சுவீகாரம், மனத்துக்கு ஒவ்வாத கலியாணம், விதவையின் பங்கு, மடத்துச் சொத்து ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் ஏதோ தெரியும், எவரும் வாய்திறவார். வாய்திறக்க வைக்கும் இடமாக நமது சமூகம் கண்டது நீதிமன்றம். எனவே தமிழ் மர்ம நாவலின் நடுவிடத்தில் பொலிஸ்காரனைக் காட்டிலும் வக்கீல் அதிகமாக நிற்பதில் வியப்பில்லை. (நாம் இன்று சட்டத்தரணி என்கிறோம். யாழ்ப்பாணத்துப் பழையவர்கள் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் கூறிய குரலில் இருந்த அச்சமும் மதிப்பும் இப்புதுச்சொல்லில் இல்லை.)

வழக்கையும் சாட்சியத்தையும் சுவையாகக் கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. மரியாதை இராமன் கதைகள் யாவும் தீர்ப்புக் கதைகளே. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் அரசன் முன் வைக்கப்படும் தடயம் ஒரு சிலம்பு; அதனுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இதைக்கொண்டு இளங்கோவை முதல் துப்பறியும் ஆசிரியர் என்று கூறப் புறப்படுவோமாயின் அது நகைப்புக்கிடமாகும். இவ்வகைக் கண்டுபிடிப்புகளில் நமக்கு எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. கேட்போர் செவி பழகியிருந்தது என்பது மாத்திரமே என் கருத்து.

தமிழிலே துப்பறியும் கதையின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் 1894இல் வெளியிட்ட, தானவன் என்னும் பொலிஸ் நிபுணனைப் பற்றிய நூலாகும். தென்னிந்திய நாட்டார் கதைகளைத் தேடித் தொகுத்தவரே இந்நூலையும் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. தானவனுக்கு உடனடி வாரிசுகள் தோன்றவில்லை. அடுத்த தலைமுறையில் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வேறு திசையிற் சென்றனர்.

ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' பல பதிப்புகளைக் கண்டு நாடகமாகவும் திரைப்படமாகவும் வாழ்ந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தனைப் பற்றி ஒரு குணச்சித்திரம் வரையுமாறு கேட்டால் நான் திணறுவேன். அத்துணை மெலிந்த பாத்திரம் அது. ஆனால் கோவிந்தன் நுழையும் வீடுகள் மெலிந்தவையல்ல. விருப்பமில்லாத மணத்துக்கு ஒரு பெண்ணை நெருக்கும் சமூகமே அங்கே முதற் குற்றவாளி. கொலை அதன்மேல் எழுந்த இரண்டாவது குற்றம். 'சந்திரகாந்தா'வில் அவர் ஒரு மடாதிபதியின் ஒழுக்கக்கேட்டை நடுவிற் கொண்டுவந்து வைத்தார். சீர்திருத்த நாவல் என்று பெயரிட்டு எழுதியவர்கள் அஞ்சி ஒதுங்கிய இடத்துக்கு, வெறும் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று ஒதுக்கப்பட்டவர் சென்றிருக்கிறார். மர்மம் என்ற போர்வை அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்திருக்கக்கூடும்.

வடுவூரார் இவரினும் ஆற்றல் மிக்கவர் என்பது என் கணிப்பு. 'மேனகா'வில் கணவனின் விதவைச் சகோதரியர் இருவர் செய்யும் சூழ்ச்சியால் ஒரு பெண் வீட்டிலிருந்து மறைந்துபோகிறாள். அவள் எங்கே என்பது வாசகனுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. இதனால் மர்ம நாவலின் இலக்கணம் கெட்டுவிட்டதென்று கூறுவர். ஆனால் அவள் ஓடிப்போனாள் என்று ஊரும் கணவனும் எத்துணை எளிதாக நம்பிவிடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது நமக்கு ஏற்படும் பதைப்பு, கொலையாளி யார் என்ற கேள்வி தரும் ஆவலினும் வலியது. அவளைக் காப்பாற்றுபவள் நூர்ஜஹான் என்ற முஸ்லிம் பெண். அக்காலத்துத் தமிழ் நாவலில் இது சிறிய செய்தியன்று. 'கும்பகோணம் வக்கீல்' நாவலில் வக்கீலே வஞ்சகன். நியாயம் கேட்டு வருபவர் திகம்பர சாமியார். சட்டம் அறிந்தவன் சட்டத்தை வளைக்கிறான், உலகைத் துறந்தவன் போன்றவன் வழக்கை நிமிர்த்துகிறான் என்ற இந்தத் தலைகீழ் அமைப்பில் உள்ள கேலியை நமது திறனாய்வாளர் இன்னும் நன்கு கவனிக்கவில்லை. 1950இல் இக்கதை திரைப்படமானபோது சாமியாராகப் பல வேடங்களில் நடித்தவர் எம். என். நம்பியார். பின்னாளில் வில்லனாகவே அறியப்பட்ட முகம் அது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வடுவூரார் ஒரு வருணனையைத் தொடங்கினால் பக்கங்கள் ஓடும். உபதேசம் கதையை நிறுத்திவிடும். சாதிகளைப் பற்றிய அவருடைய பேச்சு இன்றைய வாசகரைப் பல இடங்களில் உறுத்தும். தற்செயல் நிகழ்ச்சிகளோ அளவிறந்தவை.

தற்செயலைக் குறையாகக் கொள்ளாது அதையே கதைப் பொருளாக்கியவர் தேவன். ஆனந்த விகடனில் வெளிவந்த அவருடைய துப்பறியும் சாம்பு வங்கியொன்றின் எழுதுவினைஞன். அசடன் என்று பெயரெடுத்தவன். அவன் இடறி விழுவான், அந்த இடத்திலேயே களவுப்பொருள் கிடைக்கும். அவன் உளறுவான், குற்றவாளி தன்னைக் கண்டுகொண்டான் என்று நடுங்குவான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ ஒவ்வொரு உளறலிலும் ஆழ்ந்த தந்திரத்தைக் காண்பார். வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இக்கதைகளைச் சிரிப்புக் கதைகளாக மாத்திரம் கொள்ளலாகாது. புகழ் எவ்வாறு உண்டாகிறது, ஒருவனை மேதை என்று முடிவுசெய்தபின் அவனுடைய மௌனத்துக்கும் நாம் எவ்வாறு பொருள் கற்பிக்கிறோம் என்பதைத் தேவன் காட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் இதனை அறியாதவர்களல்லோம். அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' முற்றிலும் வேறு வகையானது. ஒரு கொலை வழக்கின் விசாரணையே அங்கு நாவலாகிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவனின் தயக்கமும் கேள்வி கேட்பவரின் நயமும் ஜூரிமாரின் மனவோட்டமும் சேர்ந்து கதையை நடத்துகின்றன. துப்பாக்கியும் மாறுவேடமும் இன்றியே மர்ம நாவல் இயலும் என்பதற்குத் தமிழில் இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பற்றி எழுதும்போது நடுநிலை பேணுதல் எனக்குக் கடினம். எங்கள் கிராமத்து வாசிகசாலையில் அந்நூல்கள் கட்டுக்குலைந்து கிடந்தன. பலவற்றில் கடைசிப் பக்கங்கள் இரா. முடிவை அறிந்தவர் எவரேனும் வரும்வரை வேப்பமரத்தடியிற் காத்திருந்து கேட்டறிவோம். கூறியவர் தம் விருப்பப்படி முடிவை மாற்றிக் கூறியதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். 'இன்னொரு செருப்பு எங்கே?' என்ற தலைப்பு ஒன்றே அவர் எத்தகைய வித்தகர் என்பதைக் கூறும். பிறமொழிச் சொல் கலவாத எளிய தமிழில் விறுவிறுப்பாக எழுத முடியும் என்று அவர் காட்டியது பெரும் பணி. எனினும், சங்கர்லால் தேநீர் அருந்தியபடி பெர்லினுக்கும் நியூயோர்க்குக்கும் பறக்கத் தொடங்கிய பின்னர் எந்த ஊரும் ஊராக இல்லை. கள்வனும் காவலனும் ஒரே தமிழைப் பேசினர். வீடு, சொத்து, உறவு ஆகியவை மறைந்தன. குற்றம் வெறும் புதிராகியது. புதிரை அவிழ்த்ததும் நூலை மூடிவிடலாம். மீண்டும் திறக்கத் தோன்றாது.

வக்கீலை மீட்டுக் கொண்டுவந்தவர் சுஜாதா. 1968இல் குமுதத்தில் தொடராக வந்த 'நைலான் கயிறு' நாவலில் கணேஷ் அறிமுகமானான். பின்னர் அவனுக்கு இளையவனாக வசந்த் சேர்ந்தான். இருவரும் சட்டம் தெரிந்தவர்கள். உண்மை வேறு, நிரூபிக்கத்தக்கது வேறு என்ற அறிவு அவர்களுடைய உரையாடல் முழுவதிலும் ஊடுருவி நிற்கிறது. 'கொலையுதிர் காலம்' சொத்துரிமை பெறவிருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி நடப்பது. பேயா, விஞ்ஞானமா என்ற விவாதத்தில் கணேஷும் வசந்தும் எதிரெதிர் நிற்கின்றனர். பழைய சொத்து வழக்கும் பழைய பேய்க்கதையும் புதிய பௌதிகமும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கும்போது வடுவூராரின் மரபு வேறோர் உருவில் தொடர்வதை உணர்கிறோம். 'கரையெல்லாம் செண்பகப்பூ' நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு கிராமத்துக்கு வரும் இளைஞனின் கதை. ஆராய்ச்சி மாணவர் அதனைப் படித்தல் நன்று. தகவல் தேடிச் செல்பவன் அந்த ஊருக்கு எத்துணை அந்நியன் என்பதை அது நயமாகச் சுட்டுகிறது. சுஜாதாவின் தமிழ் நடையை எல்லோரும் புகழ்ந்தாயிற்று. பெண்களைப் பற்றிய வசந்தின் இடையறாத பகிடிகளை அந்த நடையின் பகுதியாகவே நாம் இரசித்து வந்ததையும் இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

1980களிற் பெருகிய மாத நாவல்களைப் பற்றி விரிவாகக் கூற இடமில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். தொடர்பற்ற இரு கதைகளை அடுத்தடுத்து நடத்தி இறுதியில் இணைக்கும் அவருடைய உத்தி, நன்கு அமைந்த இடங்களில் உண்மையான திகைப்பைத் தருகிறது. அமையாத இடங்கள் அதிகம். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் விரைவு பாராட்டத்தக்கது. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் தனித்து நோக்கத்தக்கவர். 'விடாது கருப்பு' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகிய அவருடைய கதையில், ஒரு கிராமத்துக் கொலைகள் காவற்றெய்வத்தின் தண்டனையா, மனிதனின் செயலா, மனநோயா என்ற ஐயம் நெடுநேரம் நீடிக்கிறது. நீதிமன்றத்துக்கு முன்பிருந்த ஒரு நீதிமன்றத்தை, கருப்பசாமியின் சந்நிதியை, அவர் மர்மக் கதைக்குட் கொண்டுவந்தார்.

ஈழத்தைப் பற்றிக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் தகாது. 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' எழுதிய சித்திலெவ்வை கண்டியில் வாழ்ந்த ஒரு சட்டத்தரணி. அக்கதையில் எகிப்தில் களவாடப்பட்ட குழந்தையொன்று பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, இறுதியில் தன் பிறப்பின் மர்மத்தை அறிந்து பெற்றோரை அடைகிறது. இத்துணை நல்ல தொடக்கம் இருந்தும் மர்ம நாவல் இங்கு வலுவான மரபாக வளரவில்லை. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, வீரகேசரி முதலியோரின் வெளியீடுகள் பெருகிய காலத்திலும், மண்வாசனையும் சமூகப் பிரச்சினையுமே எழுத்தாளர்க்குரிய பணி என நமது விமர்சனம் கருதிற்று. அக்கருத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் காணிச் சண்டையும் சீதன வழக்கும் வேலித் தகராறும் நிறைந்த ஒரு சமூகத்துக்கு மர்ம நாவலைக் காட்டிலும் பொருத்தமான சமூக நாவல் எது என்று அன்று எவரேனும் கேட்டிருக்கலாம்.

பின்னர் வந்த ஆண்டுகள் அக்கேள்வியையே மாற்றிவிட்டன. மர்ம நாவல் வாசகனுக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது: மறைந்தவர் யாரென அறியப்படுவார், என்ன நேர்ந்ததென ஒருவர் கேட்பார், கேட்டவருக்கு விடை கிடைக்கும். காணாமற்போனோர் பற்றி விசாரிப்பதற்கென 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஓர் அலுவலகமே அமைக்க நேர்ந்த நாட்டில், அவ்வாக்குறுதியை எழுத எந்த ஆசிரியரின் கை துணியும்? சென்ற ஆண்டு என் வகுப்பில் 'மேனகா'வை வாசித்த மாணவி ஒருத்தி, அவள் வீடு திரும்பும் அத்தியாயத்தைத் தான் படிக்கவில்லை என்றாள். நேரமின்மையால் என்று எண்ணினேன். தன் தாயாருக்கு நாவலை உரக்க வாசித்துக் காட்டி வந்ததாகவும், அவ்விடம் வரும் முன்னரே தாயார் போதும் என்று எழுந்து சென்றுவிட்டதாகவும் அவள் பின்னர் கூறினாள்.