கிளைவழியில் காத்திருப்போர்

காப்பியம் கற்றோர்க்குக் கிளைக்கதை புதிதன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணி சூசையப்பரின் வரலாற்றைப் பாடப் புகுந்து, பழைய ஏற்பாட்டின் எத்தனையோ வரலாறுகளை வழிநெடுகத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அவற்றைப் படிக்காமல் தாண்டிச் செல்வோரைக் காப்பியம் தடுப்பதில்லை. இன்றைய வீடியோ விளையாட்டுகளில் இம்மரபுக்கு ஒப்பான ஒன்று தழைத்து நிற்கிறது. உலகைக் காப்பது, அரக்கனை வெல்வது என்று தலைவனுக்கு ஒரு பெரும்பணி இருக்கும். அதன் ஓரத்தில், செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆட்டம் முடியக்கூடிய சிறு பணிகள் பல கிடக்கும். சைடு குவெஸ்ட் என்று விளையாடுவோர் வழங்கும் இவற்றை இக்கட்டுரையில் கிளைப்பணி என்போம்.

இலக்கியத் திங்களிதழில் இதற்கென்ன இடம் என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நம் இல்லத்துப் பிள்ளைகள் நாவல்களோடு செலவிடும் நேரத்தைவிட மிகுதியான நேரத்தை இக்கதைகளோடு செலவிடுகின்றனர். அக்கதைகளில், முன்பின் அறியாத ஒருவர் வழியில் நிறுத்தி உதவி கேட்கும் காட்சி நூற்றுக்கணக்கில் வருகிறது. அக்காட்சி எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது திறனாய்வின் வேலைதான். கேட்கப்படுவது இரக்கம் என்பதால் அது நம் வேலையும் ஆகிறது.

கிளைப்பணியின் வழக்கமான வடிவம் எளிது. ஊருக்குள் நுழைகிறோம். ஒருவரின் தலைக்குமேல் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி மிதக்கிறது. 2004ஆம் ஆண்டு வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இக்குறியை உலகறியச் செய்தது. அவரை அணுகினால் குறையைச் சொல்வார். பத்து ஓநாய்களைக் கொல்ல வேண்டும், தொலைந்த மோதிரத்தைத் தேடித் தர வேண்டும் என்பன போன்ற குறைகள். முடித்துத் திரும்பினால் பொற்காசும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். குறிப்பேட்டில் அப்பணி முடிந்ததாகப் பதிவாகும். அதன்பின் அம்மனிதருக்கு நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை. நமக்கும் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. துன்பம் இங்கே கடைச்சரக்கு போல் விலை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெதஸ்டா நிறுவனம் காட்டியது. 2011இல் வெளிவந்த அதன் 'ஸ்கைரிம்' விளையாட்டில், கணினியே இடத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பணிகளை உண்டாக்கும் முறை ஒன்று இருந்தது. 2015இல் வந்த 'ஃபால்அவுட் 4' அதே முறையை இரக்கச் செயலுக்கே பயன்படுத்தியது. அணுப்போரால் பாழான நாட்டில் எளிய மக்களைக் காக்கப் பாடுபடும் பிரெஸ்டன் கார்வி என்பவர் அதில் வருகிறார். கதையின்படி அவர் நல்லவர். தோழர்களை இழந்தும் நம்பிக்கை இழக்காதவர். ஆனால் ஒரு குடியிருப்புக்கு உதவிவிட்டு வந்து நின்றால், உதவி வேண்டும் இன்னொரு குடியிருப்பை உடனே நம் வரைபடத்தில் குறித்துத் தருகிறார். அதை முடித்தால் மற்றொன்று. முடிவே இல்லை. சில மாதங்களுக்குள் அவர் விளையாடுவோரிடையே உலகளாவிய நகைப்புக்கு ஆளானார். அவரைத் தொலைவில் கண்டாலே ஓடி ஒளிவது ஒரு வேடிக்கையாயிற்று.

அந்நகைப்பை நாம் எளிதில் கடந்துவிட முடியவில்லை. முகமில்லாத தேவைகள் ஓயாமல் வந்தால் மனம் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று. காணிக்கை உறைகளும் நன்கொடை அட்டைகளும் வாரந்தோறும் வரும் பங்குகளில் வாழ்வோர் இதை அறியாதவர் அல்லர். எனினும் குறை கேட்டவர்மீது இல்லை. குடியிருப்பின் பெயர் மாறும்; அங்குள்ள துன்பத்தின் பெயர் மாறுவதில்லை. எழுதியவர்கள் அத்துன்பத்துக்கு ஓர் ஆளை, ஒரு குரலை, ஒரு வாழ்வைத் தரவில்லை. யாரோ ஒருவர்க்கு உதவு என்று எந்திரம் சொல்லும்போது, செய்வதும் எந்திரமாகிவிடுகிறது.

கணக்கு வைக்கும் பழக்கம் இதற்குத் துணைபோகிறது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியும் 2008இல் பிளேஸ்டேஷன் 3 கருவியும் சாதனைப் புள்ளி, கோப்பை என்ற பெயர்களில், முடித்த செயல்களைப் பிறர் காண அடுக்கி வைக்கும் வசதியைத் தந்தன. நூற்றுக்கு நூறு முடித்தோம் என்பதே பலருக்கு இன்பம். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் அரசரின் வலப்பக்கம் நிற்போர், தாங்கள் எப்போது அவருக்கு உணவளித்தோம் என்று வியந்து கேட்கின்றனர். அவர்களிடம் குறிப்பேடு இல்லை என்பது அவ்வுவமையின் நுட்பம்.

ஆயினும் கிளைப்பணி என்னும் வடிவத்தையே தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பாகும். வற்புறுத்தப்படாதது என்ற தன்மையில்தான் அதன் பெருமையும் இருக்கிறது. கட்டளை வேறு, அறிவுரை வேறு என்று நம் மறை மரபு பிரித்துப் பேசுகிறது. நற்செய்தி அறிவுரைகளைத் துறவியர் தாமே விரும்பி ஏற்கின்றனர். கட்டாயம் புகுந்தால் அவை பொருளிழக்கும். பெரும்பணியில் தலைவன் நல்லவனாய் இருப்பதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எழுதி வைத்தபடி நடக்கும். வழியோரத்தில் நிற்பவளிடம் நின்று பேசுவதா, கடந்து போவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இதை முதலிலேயே உணர்ந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கேரியட். 1985இல் வெளியான அவருடைய 'அல்டிமா 4' விளையாட்டில் வெல்லப்படவேண்டிய இறுதிப் பகைவன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்ச்சி என்ற எட்டு நற்பண்புகளில் தேர்வதே இலக்கு. மூலிகை விற்பவர் பார்வையற்றவர். எவ்வளவு காசு வைக்கிறோம் என்று அவரால் பார்க்க இயலாது. குறைத்து வைத்தாலும் பொருள் கிடைக்கும், யாரும் கடிந்துகொள்வதில்லை. நெடுநேரம் கழித்து, நாம் நேர்மையில் தாழ்ந்திருப்பதை ஞானி ஒருவர் வாயிலாக அறிகிறோம். இரக்கமும் நேர்மையும் இங்கே பெரும்பணியின் உள்ளேயே வந்துவிட்டன என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கடையில் நிற்கும் கணத்தில் நம்மைக் கட்டாயப்படுத்துவது எதுவுமில்லை. பழைய கணினியின் புள்ளிச் சித்திரங்களைக் கொண்டு இத்தனை நுட்பமான மனச்சான்றுச் சோதனையைப் படைத்தது வியப்புக்குரியது.

போலந்து நாட்டு நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' கிளைப்பணிகளுக்காகவே புகழப்படுவது. கூலிக்கு அரக்கரைக் கொல்லும் கெரால்ட் என்பவன் அதன் தலைவன். தொடக்கத்திலேயே ஒரு கிழவி, பூட்டிக் கிடக்கும் குடிசைக்குள் இருக்கும் தன் வாணலியை மீட்டுத் தரும்படி அவனிடம் கேட்கிறாள். போர் நடக்கும் நாடு. அவனோ மகளெனப் பேணிய பெண்ணைத் தேடிச் செல்கிறான். அவளுக்கு வேண்டியதோ வாணலி. நகைச்சுவையாகத் தொடங்கும் இச்சிறு நிகழ்ச்சி, படை கடந்துபோன ஊரில் ஏழைக்கு எது சொத்து என்பதைச் சொல்லிவிடுகிறது.

எனினும் இவ்வகையில் நாம் அறிந்த மிக உயர்ந்த படைப்பு ஜப்பானில் பிறந்தது. எய்ஜி அவொனுமா, யோஷியாகி கொயிசுமி ஆகிய இருவரும் இயக்க, நின்டெண்டோ நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'மஜோராஸ் மாஸ்க்' அது. ஒரு நகரின்மேல் நிலவு விழப்போகிறது. மூன்று நாள்களே உள்ளன. மூன்றாம் நாள் இரவு முடிவதற்குள் லிங்க் என்னும் சிறுவன் தன் குழலை வாசித்தால் காலம் பின்னோக்கிச் சுழன்று முதல் நாள் காலைக்குத் திரும்பும். இப்படிப் பலமுறை அம்மூன்று நாள்களையும் வாழ்ந்தே அவன் நகரைக் காக்க வேண்டும்.

அந்நகரில் விடுதி நடத்தும் பெண் ஒருத்தியின் பெயர் அஞ்சு. நம் செவிக்கு அச்சத்தைக் குறிக்கும் வினையாக ஒலிக்கும் அப்பெயர் அவளுக்குச் சற்றும் பொருந்தவில்லை. அவளை மணக்கவிருந்த காஃபே ஒரு மாதமாகக் காணவில்லை. முகமூடி அணிந்த ஒருவனது மாயத்தால் அவன் சிறுவனாக மாறிப்போனான். திருமணத்தன்று அவன் தரவேண்டிய முகமூடியை ஒரு திருடன் கவர்ந்து சென்றுவிட்டான். அதை மீட்காமல் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று ஒளிந்து வாழ்கிறான். இவர்களை ஒன்றுசேர்ப்பது கிளைப்பணி. செய்யாமலே ஆட்டத்தை முடிக்கலாம்.

செய்ய முனைந்தால் மூன்று நாள்களும் அதற்கே போகும். முதல் நாள் நள்ளிரவை ஒட்டி விடுதியின் சமையலறையில் அவளைச் சந்தித்துக் கடிதம் பெற்று அஞ்சலில் சேர்க்க வேண்டும். மறுநாள் பிற்பகல் அக்கடிதத்தைப் பெறும் காஃபேயைத் தொடர்ந்து சென்று, அவன் தரும் பதக்கத்தை அவளிடம் கொடுக்க வேண்டும். அதைப் பெற்றதும், தாயோடு ஊரைவிட்டு ஓடுவதில்லை, இங்கேயே காத்திருப்பேன் என்று அவள் முடிவெடுக்கிறாள். மூன்றாம் நாள் மாலை திருடனின் மறைவிடத்தில் முகமூடியை மீட்க வேண்டும். விடியல் ஆறு மணிக்கு நிலவு விழும். ஏறத்தாழ நாலரை மணிக்குக் காஃபே விடுதியறைக்குள் நுழைகிறான். வெளியே நிலம் அதிர்கிறது. ஒன்றரை மணி நேர மணவாழ்வு அவர்களுக்கு முன்னே இருக்கிறது. நம்மைத் தப்பிச் செல்லும்படி சொல்லிவிட்டு, இருவரும் அங்கேயே தங்குகின்றனர்.

நாம் தப்ப வேண்டுமானால் குழலை வாசிக்க வேண்டும். வாசித்தால் அனைத்தும் அழியும். முதல் நாள் காலை விடுதிக்குச் சென்றால், அஞ்சு எதையும் அறியாதவளாய்ப் பழைய கவலையோடு நிற்கிறாள். நம் கையில் ஒரு முகமூடி மிஞ்சுகிறது. அது பரிசுதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவளைப் பார்க்கும் எவரும் அப்பரிசை எண்ணி மகிழ்வதாக நாம் நினைக்கவில்லை. நன்றி சொல்ல அவளுக்கு நினைவில்லை. ஊரில் எவருக்கும் நினைவில்லை. செய்த நன்மையைச் செய்தவன் மட்டுமே அறிவான் என்ற நிலையை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய கதை, அச்சிட்ட நூல்களிலும் மிகுதியாக இல்லை.

இதற்குள் இன்னும் கடுமையான ஒரு முடிச்சு இருக்கிறது. முதல் நாள் நள்ளிரவில் ஒரு மூதாட்டியிடமிருந்து பையைப் பறித்துக்கொண்டு அதே திருடன் ஓடுகிறான். அவனைத் தடுத்து மூதாட்டியைக் காக்கலாம். காத்தால், அம்முறை அவன் மறைவிடத்துக்கு வருவதில்லை. காஃபேயால் முகமூடியை மீட்க இயலாது. மணமக்களுக்கு உதவ விரும்புகிறவன், மூதாட்டி கீழே தள்ளப்படுவதை அன்றிரவு தடுக்காமல் விட்டாக வேண்டும். விடுதியறையின் கதையும் இதுவே. கொரோன் இனத்தவன் ஒருவன் லிங்க் என்ற பெயரில் பதிவு செய்திருந்த அறையை, அதே பெயர் கொண்ட நம்மிடம் அஞ்சு தவறாகத் தந்துவிடுகிறாள். பெற்றுக்கொண்டால் அவன் இரவெல்லாம் வெளியே படுத்துக் கிடக்கிறான். விடுதியில் இடம் கிடைக்காமற் போனவரின் கதையை ஆண்டுதோறும் குடிலில் காணும் நம்மை இக்காட்சி கூசச் செய்கிறது.

இவ்விடத்தில் நல்ல சமாரியரைத் துணைக்கு அழைப்பது எளிது. மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரமே பொருத்தம் என்பது நம் கருத்து. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகும் நிலையில் இருக்கிறாள். இயேசு அவள் வீட்டுக்கு விரைகிறார். வழியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். யார் என்று தேடுகிறார். அவள் முழுக்கதையையும் சொல்லும்வரை நிற்கிறார். அதற்குள் சிறுமி இறந்த செய்தி வருகிறது. அவளுக்கும் வயது பன்னிரண்டு. அங்கு நின்ற யாயிரின் மனநிலையை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. கிளைவழியில் நின்றதற்கு ஒரு விலை உண்டு. அதை அவரும் கொடுக்க நேர்ந்தது. சிறுமி எழுந்தாள் என்ற முடிவு தெரிந்த நாம் அவ்விலையை மறந்துவிடுகிறோம். 'மஜோராஸ் மாஸ்க்' அதை மறக்க விடுவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். திரையில் இரங்கிப் பழகினால் தெருவில் இரங்குவோம் என்று நாம் உறுதி கூறவில்லை. அப்படியானால் நாவல் படித்த யாவரும் புனிதராகியிருப்பர். ஆனால் இரக்கத்தை மலிவாக எழுதும் கதையையும் அதன் விலையோடு எழுதும் கதையையும் பிரித்தறியும் கண் பிள்ளைகளுக்கு வேண்டும். எந்த விளையாட்டு, எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்கும் பெற்றோர், வழியில் யாரைச் சந்தித்தாய் என்றும் கேட்டுப் பார்க்கலாம். விடை வியப்பளிக்கும்.

2015இல் இவ்விளையாட்டு நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு மறுபதிப்பாயிற்று. படங்கள் மெருகேறின. குறிப்பேடு விரிவாக்கப்பட்டு, எவரை எப்போது காண வேண்டும் என்று மணியடித்து நினைவூட்டும் வசதியும் வந்தது. பழைய பதிப்பில் காலத்தை விரைவுபடுத்தும் பாடல் அடுத்த விடியலுக்கோ மாலைக்கோ மட்டுமே கொண்டுசேர்க்கும். இடைப்பட்ட நேரத்தை நாமே கடக்க வேண்டும். புதிய பதிப்பில் விரும்பிய மணிக்கே தாவிவிடலாம். மறுபதிப்பைப் பலர் பாராட்டினர். வசதி என்ற அளவில் பாராட்டத்தக்கதே. ஆனால் மூன்றாம் நாள் இரவு விடுதியின் மேல்மாடியில், வருவானோ மாட்டானோ என்று தெரியாத ஒருவனுக்காக அஞ்சு அமர்ந்திருக்கையில், செய்வதற்கு ஒன்றுமின்றி அவளருகே நிற்கும் அந்த நீண்ட நிமிடங்களில்தான் அக்கதை வாழ்கிறது. அதனால் முதன்முறை விளையாடுவோர்க்கு நாம் பழைய பதிப்பையே பரிந்துரைக்கிறோம்.