சின்கேப்1: காலம் கடந்துவிட்டதா?

இப்போது பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜேம்ஸ் கிளெமென்ட், 2012-ல் 'செல்' இதழில் முதல் ஆசிரியராக எழுதிய ஆய்வு முக்கியமானது. சின்கேப்1 மரபணுவின் ஒரு பிரதி பழுதான எலிக்குட்டிகளின் மூளையில் நரம்பிணைப்புகள் வெம்பிப் பழுத்த மாதிரி முந்தியே முதிர்ந்துவிடுகின்றன. மனிதப் பிள்ளைகளில் இதே பழுதுதான் வலிப்பையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் தருது.

இதுவரை அருமை. ஆனா வளர்ந்த எலியில் பழுதைச் சரிசெய்தும் நடத்தை தேறலைன்னு எழுதினதுதான் இடிக்குது. பார்த்தது சில சோதனைகளை மட்டும். 'நடத்தை' என்ற சொல் ரொம்பப் பெருசு. 2019-ல் 'ஈலைஃப்' இதழில், அதே கேவின் ரம்பா ஆய்வகமே, வளர்ந்த எலிகளில் அந்தப் புரதத்தை மீட்டதும் சில நினைவு, வலிப்பு அளவீடுகள் தேறியதாகக் காட்டியது. பத்து வயசுப் பிள்ளையைத் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலேற்றும் தாய்க்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. எலி பிள்ளையில்லை, அது வேற கேள்வி.