உரிமை இருக்கிறது, ஆனால்...

எமி வால்ட்மனின் ‘தி சப்மிஷன்’ 2011இல் வெளிவந்த நாவல். 2025 நவம்பரில் நியூயார்க் நகரம் ஸோஹ்ரான் மம்தானியை மேயராகத் தேர்ந்தெடுத்த வாரத்தில் அதை மறுபடியும் எடுத்தேன். நண்பர்கள் சிலர் ‘அமெரிக்கா மாறிடுச்சு பாத்தியா’ என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனம் இறங்கவில்லை. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிராங்ஸில் ஒரு பள்ளிவாசலுக்கு முன் நின்று மம்தானி பேசியிருந்தார். செப்டம்பர் 11க்குப் பிறகு முக்காட்டோடு சுரங்க ரயிலில் ஏறப் பயந்த தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். உடனே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. யார் அந்த அத்தை? சொந்த அத்தையா, தூரத்து உறவா? அப்பாவின் உறவுக்காரர் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இருபத்து நான்கு வருஷம் கழித்தும் ஒரு முஸ்லிம் தன் வீட்டின் பயத்தைச் சொன்னால் அதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். வால்ட்மனின் நாவல் இந்த அத்தாட்சி கேட்கும் பழக்கத்தைப் பற்றியதுதான்.

கதை எளிது. கோபுரங்கள் விழுந்து இரண்டு ஆண்டுகளான பின், இறந்தவர்களுக்கு நினைவிடம் எழுப்ப ஒரு வடிவமைப்புப் போட்டி வைக்கிறார்கள். யார் அனுப்பியது என்று நடுவர்களுக்குத் தெரியாது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறையைப் பிரித்தால் பெயர் முகமது கான். வர்ஜீனியாவில் பிறந்தவன், பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். கட்டடக் கலைஞன். தொழுகைக்கும் அவனுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனால் பெயர் போதுமே.

தலைப்பிலேயே வால்ட்மன் விளையாடியிருக்கிறார். போட்டிக்கு அனுப்பும் படைப்புக்கும் அந்தச் சொல்தான், பணிந்துபோவதற்கும் அதுதான். இஸ்லாம் என்ற சொல்லின் பொருளும் அதை ஒட்டியதே. தமிழில் ‘சமர்ப்பணம்’ என்று வைத்தால் மூன்றில் ஒன்றரைதான் தேறும்.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1981இல் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கான போட்டியும் இப்படிப் பெயர் மறைத்துத்தான் நடந்தது. 1,421 வடிவங்கள் வந்தன. வென்றவர் மாயா லின், 21 வயது மாணவி, சீனக் குடும்பத்தில் ஒஹையோவில் பிறந்தவர். கறுப்புக் கல் சுவரில் பெயர்கள் மட்டும் என்ற அந்த வடிவத்தை ‘அவமானம்’ என்றார்கள். அவர் இனத்தையும் இழுத்தார்கள். கடைசியில் சமரசமாக மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையை அருகில் வைத்தார்கள். 2005இல் பென்சில்வேனியாவில், பயணிகள் போராடி விழுந்த விமானத்துக்கான நினைவிடத்தை பால் மர்டாக் பிறை வடிவில் வரைந்திருந்தார். பிறை என்றால் இஸ்லாம் என்று கூச்சல். பிறை வட்டமாகியது. மர்டாக் முஸ்லிமும் இல்லை.

அதற்கப்புறம் 2010. நாவலை எழுதி முடிக்கும் கட்டத்தில் வால்ட்மன் இருந்தபோது, அவர் கற்பனை செய்த கூச்சல் தெருவிலேயே கேட்டது. 45 பார்க் பிளேஸில் பழைய துணிக்கடைக் கட்டடம் ஒன்று. தாக்குதல் அன்று விமானத்தின் சக்கரப் பகுதி அதன் கூரையைத் துளைத்து விழுந்திருந்தது. அங்கே 13 மாடியில் ஒரு முஸ்லிம் சமூக மையம் கட்டத் திட்டமிட்டார்கள்: நீச்சல் குளம், அரங்கம், தொழுகை இடம் எல்லாம் சேர்த்து. கோபுரங்கள் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெருத் தள்ளி. ‘கிரவுண்ட் ஸீரோ பள்ளிவாசல்’ என்று ஊடகம் பெயர் சூட்டிய பிறகு நீச்சல் குளத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

திட்டத்தின் முகமாக இருந்தவர் இமாம் பைசல் அப்துல் ராவுஃப். நமக்கு இவர் அவ்வளவு அந்நியர் இல்லை. 1983இல் தொடங்கிய நம் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டர் இவருடைய அப்பாதான். மகனும் சிறுவயதில் கொஞ்ச காலம் மலேசியாவில் வளர்ந்தவர்.

அந்த ஆகஸ்டில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. 3ஆம் தேதி நகரின் பாரம்பரியக் கட்டட ஆணையம் ஒன்பதுக்கு பூஜ்யம் என்ற கணக்கில் தடையை நீக்கியது. அன்றே மேயர் ப்ளூம்பெர்க், சுதந்திர தேவி சிலை பின்னால் தெரிய நின்று, மத உரிமைக்காகப் பேசினார். அவர் அரசியலில் எனக்குப் பிடித்தது அதிகமில்லை. அந்தப் பேச்சு பிடிக்கும். தாக்குதல் அன்று கோபுரங்களுக்குள் ஓடிய தீயணைப்பு வீரர்கள் யாரையும் மதம் கேட்டுக் காப்பாற்றவில்லை என்ற தொனியில் சொன்னார். ‘ஆனால்’ என்று இழுக்கவில்லை.

பத்து நாள் கழித்து வெள்ளை மாளிகை நோன்பு துறப்பில் ஒபாமாவும் உரிமையை ஆதரித்துப் பேசினார். கைத்தட்டல் அடங்குவதற்குள், மறுநாளே, அங்கே கட்டுவது விவேகமா என்பது பற்றித் தான் கருத்துச் சொல்லவில்லை என்றார். உரிமை இருக்கிறது, ஆனால். யூத வெறுப்பை எதிர்க்கவென்றே இருக்கும் ஒரு பெரிய அமைப்பான ஏடிஎல்கூட இடத்தை மாற்றச் சொன்னது. உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் வேதனை, பகுத்தறிவுக்கு ஒவ்வாத நிலைப்பாட்டை எடுக்கும் உரிமையையும் அவர்களுக்குத் தருகிறது என்று அதன் தலைவர் வாதிட்டார். பதினொரு ஆண்டு கழித்து அந்த அமைப்பே அது தவறு என்று மன்னிப்புக் கேட்டது.

இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். துக்கம் நியாயம் பார்க்காது. மகனை இழந்த தாய் யாரை வேண்டுமானாலும் சபிக்கலாம். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அந்தத் தாயின் சாபத்தை அரசியல்வாதி கையில் வாங்கிச் சட்டம்போல வீசும்போது. தவிர, எந்தத் தாய்? பறிகொடுத்த குடும்பங்களில் அந்த மையத்தை ஆதரித்தவர்களும் இருந்தார்கள். தெற்குக் கோபுரத்தின் 17ஆவது மாடியிலேயே முஸ்லிம்கள் தொழுத அறை ஒன்று இருந்தது. அங்கே தொழுதவர்களின் வீடுகளில் துக்கம் இல்லையா?

நாவல் மிக நன்றாகப் பிடித்திருப்பது இந்த ‘ஆனால்’ என்ற சொல்லைத்தான். கிளேர் பர்வெல் என்ற பாத்திரம் அதற்காகவே படைக்கப்பட்டவள். தாக்குதலில் கணவனை இழந்தவள், பணக்காரி, படித்தவள். நடுவர் குழுவில் அந்தத் தோட்டத்துக்காக முதலில் வாதாடியவளே அவள்தான். பெயர் தெரிந்த பிறகும் கானின் பக்கம் நிற்கிறாள். அப்புறம் ஒரு பத்திரிகை, அந்தத் தோட்டம் தியாகிகளின் சொர்க்கமாக இருக்கலாம் என்று எழுதுகிறது. அவளுக்குள் ஒரு சின்னக் கேள்வி விழுகிறது. அவள் வெறுப்பவள் ஆகிவிடவில்லை. ‘விளக்கம் சொன்னால் போதும்’ என்று மட்டும் எதிர்பார்க்கிறாள். அவ்வளவுதான். வாசிக்கும்போது நமக்கும் அது நியாயமாகவே படும். அங்கேதான் வால்ட்மன் நம்மை மாட்டிவிடுகிறார்.

கான் விளக்கம் சொல்ல மாட்டேன் என்கிறான். போட்டியில் வேறு யாராவது வென்றிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது அவன் வாதம். இவனை நல்லவனாகக் காட்ட வால்ட்மன் சிரமப்படவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்டலாம். திமிர் பிடித்தவன், புகழாசைக்காரன், தனக்காக நிற்பவர்களிடமும் எரிந்து விழுகிறான். ஒரு நண்பரிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். பாதியில் திருப்பித் தந்து, “இவன் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?” என்றார். சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் உரிமை என்பது நல்ல பிள்ளைக்குக் கொடுக்கும் மிட்டாய் என்றாகியிருக்கும். பிடிக்காத ஒருவனுக்கும் அதே உரிமை உண்டா என்று கேட்க, பிடிக்காத ஒருவன் வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. வால்ட்மன் நியூயார்க் டைம்ஸ் நிருபராக இருந்தவர், அந்தக் கை இங்கே தெரிகிறது. ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் ஆள் வைத்திருக்கிறார்: தீயணைப்பு வீரனின் கோபக்காரத் தம்பி, ஆளுநர், பரபரப்புச் செய்திக்காரி, முஸ்லிம் அமைப்பின் ஆட்கள். தொலைக்காட்சி விவாதத்தில் நாற்காலி போட்ட மாதிரி. என்னை அதிகம் உறுத்தியது அஸ்மா. வங்காளதேசத்துக்காரி, ஆவணமில்லாமல் கோபுரத்தில் துப்புரவு வேலை பார்த்து இறந்தவனின் மனைவி. பொதுக் கூட்டத்தில் வங்காள மொழியில் அவள் எழுந்து பேசும் இடம்தான் நாவலின் உச்சம். அதுவரை பெரிய மனிதர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த துக்கத்துக்கு ஒரு தொழிலாளி வீட்டின் குரல் கிடைக்கிறது. அதன்பின் ஆசிரியர் செய்வது என்ன? அவளைக் கத்திக்குத்தில் சாகடிக்கிறார். அவள் சாவு மற்றவர்களின் மனசாட்சியை உலுக்கவும், கதையை முடிச்சுப் போடவும் பயன்படுகிறது. கானுக்குத் திமிர் கொடுத்த கை, அஸ்மாவுக்குத் தூய்மையை மட்டுமே கொடுத்திருக்கிறது. அவள் கொஞ்சம் கோபக்காரியாக, பேராசைக்காரியாக உயிரோடு இருந்திருக்கலாம்.

நிஜத்தில் நடந்தது நாவலைவிடச் சிக்கலானது. சல்மான் ஹம்தானி, வயது 23, பாகிஸ்தானிய வம்சாவளி, நியூயார்க் காவல்துறையில் பயிற்சி பெற்றவர். அன்று உதவிக்குப் போய் இறந்தார். உடல் கிடைக்கும்வரை அவரைச் சந்தேகத்தோடு தேடினார்கள். அதே சமயம் 2001 அக்டோபரில் நிறைவேறிய பேட்ரியட் சட்டத்திலேயே அவர் பெயர் வீரராகக் குறிப்பிடப்பட்டது. முஸ்லிம்களைக் கண்காணிக்க வழிவிட்ட சட்டத்தில்! பிறகு எழுந்த நினைவிடத்தில் மீட்புப் பணியில் இறந்தவர்களின் வரிசையில் அவர் பெயர் இல்லை. வேறு பகுதியில் இருக்கிறது.

ஷா ஆலாமில் 2009 ஆகஸ்டில் நடந்ததை நினைக்காமல் இந்த நாவலை என்னால் வாசிக்க முடியவில்லை. 19ஆவது பிரிவில் இருந்த மாரியம்மன் கோயிலை 23ஆவது பிரிவுக்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து, வெட்டிய மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனார்கள். வழிபடும் உரிமையை மறுக்கவில்லை, இந்த இடம் வேண்டாம், எங்கள் உணர்வு புண்படும் என்பதுதான் வாதம். மறு ஆண்டு மன்ஹாட்டனில் முஸ்லிம்களிடம் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதே வாக்கியம். மாட்டுத் தலைக்குக் கொதித்த நம்மவர்களில் எத்தனை பேர் அந்த முஸ்லிம்களுக்காகக் கொதித்தோம்? நம் வாட்ஸ்அப் குழுக்களில் அப்போதும் இப்போதும் சுற்றும் செய்திகளைப் பார்த்தால் பதில் தெரியும். கானை ஆதரிப்பது சுலபம். அவன் அமெரிக்காவில் இருக்கிறான்.

நாவலின் இறுதிப் பகுதி இருபது ஆண்டுகள் தாண்டிப் போகிறது. அந்தத் தோட்டம் நியூயார்க்கில் எழவில்லை. தொலைதூரத்தில் ஓர் ஆட்சியாளருக்கான தனிப்பட்ட தோட்டமாகிவிடுகிறது. இறந்தவர்களின் பெயர்கள் வர வேண்டிய சுவரில் குர்ஆன் வசனங்கள். அப்படியானால் சந்தேகப்பட்டவர்கள் சொன்னது சரியா, அல்லது சந்தேகமே அவனை அங்கே தள்ளியதா? வால்ட்மன் பதில் சொல்லவில்லை, அவசரமாக முடித்தாலும் அதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறார்.

பார்க் பிளேஸில் அந்தச் சமூக மையமும் எழவில்லை. நாற்பது மாடிகளைத் தாண்டிய ஆடம்பரக் குடியிருப்புக் கோபுரம் ஒன்று எழுந்தது. அதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போனதாகத் தெரியவில்லை.