சின்னப் பொத்தானை யார் அமுக்குகிறார்கள்?

பெரிய பொத்தானுக்கு ஆறு லிட்டர், சின்னதுக்கு மூன்று. பத்து லிட்டர் குடித்துக்கொண்டிருந்த பழைய ஃப்ளஷ் டேங்கைக் கழற்றிவிட்டு, எங்கள் நாமக்கல் வீட்டில் இந்த இரட்டைப் பொத்தான் டேங்கை மாட்டினோம். கோப்பையையும் சேர்த்தே மாற்றினோம். பத்து லிட்டருக்குச் செய்த கோப்பையை ஆறு லிட்டர் சரியாகக் கழுவாது.

மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரைக் கோப்பையில் சுற்றி ஊற்றிச் சின்னப் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். அடித்தண்ணீர் தெளிந்துவிட்டது, முன்பக்க விளிம்புக்குக் கீழே மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு நின்றது. அதனால் நோய் எதுவும் வரப்போவதில்லை. அம்மாவுக்கு அந்தக் கோடு போதும். "பாதித் தண்ணி உட்டா பாதி சுத்தந்தான் கண்ணு" என்று பெரியதை அமுக்கி, மேலே அரை பக்கெட்டும் ஊற்றுகிறார். மிச்சம் பிடித்தது அங்கேயே போயிற்று.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு வேறு. வெள்ளைப் பீங்கானில் பழுப்பாகப் படிவது சுண்ணாம்புதான்; பார்க்கிறவர் நினைப்பது வேறு. விருந்தாளி வருகிற நாளில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய பொத்தான்தான். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தால் கறை போகிறது (பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிடாதீர்கள்). அதே உப்பு டேங்கின் வாஷரிலும் ஏறும். அப்புறம் ஓசையில்லாமல் ஒழுகும். டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரும் அமுக்காமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.

அருவருப்பை அறிவுரையால் வெல்ல முடியாது என்பதற்கு உதாரணமாகப் பக்கத்திலேயே முசிறி இருக்கிறது. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்புராமனின் ஸ்கோப் நிறுவனம் அங்கே கட்டிய எக்கோசான் கழிப்பறைகளில் மலம், சிறுநீர், கழுவும் தண்ணீர் மூன்றுக்கும் தனித்தனி வழி. கழுவிப் பழகியவர்கள் காகிதத்துக்கு மாற வேண்டியதில்லை. ஃப்ளஷ் தண்ணீரே தேவையில்லை. பழக்கத்துக்கேற்ப வடிவத்தை மாற்றியிருக்கிறார்கள்.

எங்கள் டேங்க் கம்பெனி அப்படி யோசிக்கவில்லை. மூன்று லிட்டரும் நடுக்குழியைப் பார்த்தே பாய்கிறது. விளிம்பைச் சுற்றி வந்திருந்தால் அம்மாவின் பக்கெட் மூலையிலேயே கிடந்திருக்கும்.

வாங்கலாமா? புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கடையில் தண்ணீர் இணைப்போடு வைத்திருக்கும் மாடலைக் கேட்டு, சின்னப் பொத்தானை அமுக்கி விளிம்பு நனைகிறதா என்று பாருங்கள். இந்தியன் கோப்பைதான் பழக்கம் என்றால், சுலப் கழிப்பறைகளின் பாணியில் செங்குத்தாகச் சரியும் கோப்பை இதைவிட மேல்: இரண்டு லிட்டர் ஊற்றினாலே எல்லாம் போய்விடும், டேங்கே வேண்டாம்.