காமிராவுக்கு வயதாகிறதா, வயதாக்குகிறார்களா?

எந்தக் கருவிக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. மாட்டு வண்டியின் அச்சு தேய்கிறது. தையல் இயந்திரத்தின் பல்சக்கரம் தேய்கிறது. தேய்ந்ததை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டுகிறோம். டிஜிட்டல் காமிரா விஷயத்தில் மட்டும் வேறொரு வழக்கம் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த காமிராவைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனால், "இதற்கு இனி ஸ்பேர் வராது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. சிறிய ஊரில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணமும் காதுகுத்தும் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு, ஒரு முகூர்த்த சீசனின் வருமானத்தையே விழுங்கிவிடக்கூடிய பதில் இது.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் நியாயமானது? காமிராவில் உண்மையாகவே மூப்படைவது எது? தயாரிப்பாளர் விட்ட குறை எது? நாம் செய்யும் தவறு எது? இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காக 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு காமிராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று நிக்கான் டி90. மற்றது கேனன் 5டி மார்க் 2. இரண்டும் இன்னமும் பலர் கையில் உழைத்துக்கொண்டிருப்பவை. இவற்றையும் இவற்றோடு வரும் கையேட்டையும் ஒரு கரிசல் ஊரில் வைத்து ஆராய்வோம். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் எட்டயபுரத்தைத் தாண்டி வரும் எப்போதும்வென்றான் என்ற ஊரே அந்த இடமாக இருக்கட்டும்.

மூப்படையாத பகுதி

காமிராவின் இதயம் அதன் ஒளியுணரி. சிலிக்கனில் ஒளி விழும்போது எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை எண்ணுவதன் மூலம் படம் உருவாகிறது. இந்நிகழ்ச்சியில் தேய்மானம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. காலப்போக்கில் சில படப்புள்ளிகள் பழுதடைந்து, எப்போதும் ஒளிரும் புள்ளிகளாகத் தெரியலாம். ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளில் பத்து இருபது போவதால் படம் கெட்டுவிடாது.

டி90 காமிராவின் படம் அகலவாக்கில் 4288 புள்ளிகளும் உயரவாக்கில் 2848 புள்ளிகளும் கொண்டது. அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட்டால் சுமார் 14 அங்குல அகலமும் 9½ அங்குல உயரமும் உள்ள படம் கிடைக்கும். கல்யாண ஆல்பத்திற்கு இது தாராளமாகப் போதும். 2008-இல் எடுத்த அதே தரமான படத்தை அது இன்றும் எடுக்கும். எனவே, "காமிரா பழசாகிவிட்டது, படம் நன்றாக வராது" என்ற பேச்சுக்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை.

தூசு

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது உழுத நிலத்திலிருந்து புழுதி எழும்பி, ஊரில் ஒரு பொருளையும் விட்டுவைக்காது. ஊரின் பெயர் இங்கே புழுதிக்கும் பொருந்தும். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் அது காமிராவினுள் புகுகிறது.

தூசு ஒளியுணரியின் மீது நேராகத் தங்குவதில்லை. ஒளியுணரியை மூடியுள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டின் மீது தங்குகிறது. அந்த இடைவெளியை 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 22 என்று வைத்தால், தூசின் நிழல் ஓரங்களில் மங்கிப் பரவும் அகலம் 1-ஐ 22-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.045 மி.மீ. துளையைப் பெரிதாக்கி எஃப் 2.8 என்று வைத்தால் அது சுமார் 0.36 மி.மீ. இப்போது 0.05 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு தூசை எண்ணிப் பாருங்கள். முதல் நிலையில் அதன் நிழல் கறுப்புப் புள்ளியாகவே விழும். இரண்டாம் நிலையில் அதே நிழல் பரந்த இடத்தில் பரவுவதால், அங்கே ஒளி நூற்றில் 2 பங்குதான் குறையும், கண்ணுக்கே தெரியாது. உயரப் பறக்கும் பருந்தின் நிழல் தரையில் தெளிவாக விழாததற்கும் இதுவே காரணம்.

கையேடு இதைப் பற்றி என்ன சொல்கிறது? ரப்பர் ஊதியால் ஊதுங்கள், அதற்கும் போகாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்திற்குக் கொண்டுவாருங்கள் என்கிறது. அறிவுரை தவறன்று. ஆனால் தூசு ஏன் சில படங்களில் தெரிகிறது, சிலவற்றில் மறைகிறது என்பதை விளக்கியிருந்தால், கல்யாண மண்டபத்தில் பெரிய துளையில் எடுப்பவர் ஒரு சிறு தூசுக்காகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியதில்லை. கையேட்டின் முதல் குறை இதுதான்: கட்டளை இடுகிறது, காரணம் சொல்வதில்லை.

வெப்பம்

இரண்டு காமிராக்களும் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை, காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு உட்பட்டு இயங்கும் என்று அறிவிக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் நம் பகுதியில் நிழலிலேயே வெப்பம் 40 பாகையை நெருங்கும். வெயிலில் நிறுத்திய காரினுள் 60 பாகையையும் தாண்டக்கூடும். கறுப்பு உடலுள்ள காமிராவைக் கோயில் கொடையின்போது வெட்டவெளியில் பிடித்திருந்தால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதாவது நமது சாதாரணக் கோடை, தயாரிப்பாளரின் எல்லைக்கோட்டில் இருக்கிறது.

வெப்பத்தால் விளைவது என்ன? ஒளியே விழாதபோதும் ஒளியுணரியில் சிறிது மின்னோட்டம் இருக்கும். வெப்பம் சுமார் 7 பாகை உயருந்தோறும் இது ஏறத்தாழ இரட்டிக்கும். 20 பாகையிலிருந்து 41 பாகைக்குப் போனால் எட்டு மடங்கு. இரவில் நீண்ட நேரம் திறந்துவைத்து எடுக்கும் படங்களில் புள்ளிகள் பெருகுவது இதனால்தான். வானியல் ஆய்வகங்களில் ஒளியுணரியைத் திரவ நைட்ரஜன் கொண்டு குளிர்விப்பதும் இதற்காகவே. ஆனால் இது முதுமையன்று. காமிரா குளிர்ந்ததும் நீங்கிவிடும்.

நீங்காத சேதத்திற்கு உண்மையான சான்று ஒன்று உண்டு. சோனி நிறுவனம் 2002 முதல் 2004 வரை தயாரித்த ஒருவகை ஒளியுணரிகளில், உள்ளிணைப்புக் கம்பிகளும் ஒட்டுமானமும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் பழுதடைவது தெரியவந்தது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் சோனி, கேனன், நிக்கான், ஃபியூஜி முதலிய நிறுவனங்கள் பல மாடல்களை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக அறிவித்தன. இங்கு கவனிக்க வேண்டியது என்ன? ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் தோற்கவில்லை. அதைச் சுற்றியிருந்த பசையும் கம்பியும் தோற்றன. தவற்றை ஒப்புக்கொண்டு சரிசெய்தது பாராட்டத்தக்கதே. எனினும் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நிலவும் நாடுகளில் விற்கப்படும் கருவி, அந்த நாடுகளின் தட்பவெப்பத்திற்கே சோதிக்கப்பட வேண்டும் என்ற பாடத்தை இச்சம்பவம் உணர்த்துகிறது.

ஷட்டர்

காமிராவில் மெய்யாகவே தேய்வது ஷட்டர். டி90-க்கு 1,00,000 முறையும், 5டி மார்க் 2-க்கு 1,50,000 முறையும் சோதிக்கப்பட்டதாக நிறுவனங்கள் கூறுகின்றன. இந்த எண் மரணத் தேதி அன்று. அதற்கு முன்பும் போகலாம், இரு மடங்கும் உழைக்கலாம்.

ஒரு லட்சம் என்பது 36 படம் கொண்ட பிலிம் சுருளில் கணக்கிட்டால் சுமார் 2,778 சுருள். பிலிம் காலத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் இதை எடுத்து முடிக்கப் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். இன்றோ பட்டனை அழுத்திப் பிடித்தால் டி90 நொடிக்கு 4.5 படம் வீதம் சுடும். விடாமல் சுட்டால் ஆறேகால் மணி நேரத்தில் ஒரு லட்சம் முடிந்துவிடும்! தாலி கட்டும் ஒரு கணத்திற்காக நாற்பது படம் எடுத்து, முப்பத்தொன்பதை அழிப்பவர் தம் காமிராவின் ஆயுளைத் தாமே அழிக்கிறார். இந்தக் குற்றத்தை நிறுவனத்தின் மேல் சுமத்த முடியாது.

ஒரு சிறு கலத்தின் கதை

தேதியும் நேரமும் காட்டும் கடிகாரத்திற்கென ஒவ்வொரு காமிராவிலும் ஒரு சிறு மின்கலம் உண்டு. 5டி மார்க் 2 காமிராவில் அது சி.ஆர்.1616 என்ற பொத்தான் வடிவக் கலம். பாட்டரி அறையிலிருந்து நாமே கழற்றி, புதியதைப் போட்டுக்கொள்ளலாம். டி90 காமிராவிலோ அது உள்ளேயே பொருத்தப்பட்டு, பெரிய பாட்டரியிலிருந்து மின்னேற்றம் பெறுகிறது. அது செத்துப்போனால் பயன்படுத்துவோர் மாற்ற வழியில்லை. பிறகு பெரிய பாட்டரியைக் கழற்றும்போதெல்லாம் தேதி அழிந்துபோகும். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பாட்டரியைக் கழற்றி வையுங்கள் என்று கையேடு சொல்கிறது; சொன்னபடி செய்தால் கடிகாரம் போய்விடுகிறது!

இரண்டும் ஒரே ஆண்டில் வந்த காமிராக்கள். ஒன்றில் முடிந்தது மற்றதில் ஏன் முடியவில்லை? இயற்கை விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. வடிவமைப்பவரின் தீர்மானம்தான் காரணம். டி90-இன் பெரிய பாட்டரிக்கு இக்குறை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டி80, டி200, டி300, டி700 ஆகிய மாடல்களுக்கும் பொதுவான பாட்டரி அது. எனவே காமிராவின் விற்பனை நின்ற பிறகும் பாட்டரியைத் தேடிப் பெற வழியுண்டு. பொதுவான உதிரிப் பொருளே நீண்ட ஆயுள் என்பதற்கு இதுவே சான்று.

நம் பக்கத்துத் தவறுகள்

லென்ஸை வேட்டி நுனியாலும் கைக்குட்டையாலும் துடைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். கரிசலின் களிமண் மென்மையானது. ஆனால் அதனோடு கலந்த நுண்மணல் கண்ணாடியைக் காட்டிலும் கடினமானது. ஊதாமல் துடைத்தால் கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். ஆகவே முதலில் ரப்பர் ஊதி, பிறகே மென்துணி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த காமிராவை அரிசிப் பானையில் புதைக்கச் சொல்வோர் உண்டு. அரிசி காற்றிலுள்ள ஈரத்தை மிக மெதுவாகவே ஈர்க்கும். தவிடும் மாவுத்தூளும் உள்ளே புகுவதுதான் மிச்சம். பாட்டரியையும் கார்டையும் உடனே கழற்றி, காற்றோட்டத்தில் உலர்த்தி, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே முறை. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் இதே டப்பாதான். பாட்டரியை முழுமையாக ஏற்றி வெப்பமான இடத்தில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அதன் கொள்ளளவு விரைவில் குன்றும். பாதியளவு ஏற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்வ மிகுதியால் காமிராவின் உடலைத் திறக்காதீர்கள். ஃபிளாஷ் விளக்குக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். பாட்டரியைக் கழற்றிய பிறகும் அது அதிர்ச்சி தரும்.

தீர்ப்பு

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் சூரியனின் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. பதிவுசெய்யும் ஊடகம் கண்ணாடித் தகட்டிலிருந்து பிலிமுக்கும், பிலிமிலிருந்து டிஜிட்டல் முறைக்கும் மாறியது. பணி நிற்கவில்லை. காரணம், கருவியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே மாற்றத்தக்கதாக, அதைக் கையாள்வோருக்கு விளங்கக்கூடியதாக இருந்தது.

நம் கைக்காமிராவில் ஒளியுணரி மூப்படைவதில்லை. ஷட்டர் தேய்கிறது; அதை மாற்றலாம். பாட்டரி குன்றுகிறது, அதையும் மாற்றலாம். உண்மையில் காமிராவை ஓய்வுபெறச் செய்வது வேறு இரண்டு. ஒன்று, மாற்ற முடியாதபடி உள்ளே மூடிவைத்த மலிவான சிறு பொருள்கள். மற்றது, உதிரிப் பொருளையும் பழுதுபார்க்கும் குறிப்பையும் வெளியாருக்குத் தராத வழக்கம். எனவே வயதாவது ஓரளவு உண்மை. வயதாக்குவது அதைவிடப் பெரிய உண்மை.

2022-ஆம் ஆண்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணைய வாசலையும் தொடங்கியது. இது நல்ல தொடக்கம். ஆனால் கேட்பவர் இருந்தால்தான் உரிமைக்குப் பொருள் உண்டு. அடுத்த முறை காமிரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் கேட்காதீர்கள். கடிகாரக் கலத்தை நானே மாற்றலாமா? பாட்டரி வேறு மாடல்களுக்கும் பொருந்துமா? ஷட்டர் மாற்ற என்ன செலவாகும்? விற்பனை நின்றபின் எத்தனை ஆண்டு ஸ்பேர் கிடைக்கும்? இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில், காமிராவின் விலை குறைவாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம்.