ஒரு வெற்றி என்ன விலை?

2023 ஐபிஎல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி ரூபாய் கொடுத்தது. அஜிங்க்ய ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கே எடுத்தது. ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டங்களில் 15 ரன் எடுத்தார். வீசிய ஒரே ஓவரில் 18 ரன் போனது. ரஹானே 326 ரன் குவித்தார். கொல்கத்தாவில் அவர் 29 பந்தில் அடித்த 71 ரன்னைப் பார்த்தவர்கள், ஏலத்தில் மற்ற அணிகள் ஏன் கையைத் தூக்கவில்லை என்று வியந்தார்கள். அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கே வந்தது.

சம்பளச் செலவை வெற்றிகளால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் அமெரிக்க பேஸ்பாலில் ஊறியது. 2002இல் ஓக்லாந்து அணியும் நியூயார்க் யாங்கீஸும் தலா 103 ஆட்டங்களை வென்றன. ஓக்லாந்தின் சம்பளச் செலவு யாங்கீஸின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஐபிஎல்லில் எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. 2025இல் அது 120 கோடி. அதனால் இங்கே மொத்தத் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. அது யார் யாருக்குப் பிரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேருக்குக் கொடுத்த பணம் எது, ஆட்டத்துக்குக் கொடுத்த பணம் எது என்று பிரித்துக் காட்டுவது இந்தக் கணக்கின் பெரிய பலம்.

ஆனால் ஒரே சீசனை வைத்துத் தீர்ப்பு எழுதினால் தவறிவிடும். ஸ்டோக்ஸைக் காயம் முடக்கியது. 2021இல் 9.25 கோடிக்கு வாங்கிய கிருஷ்ணப்பா கௌதமை ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமலே சென்னை கோப்பையை வென்றது.

என்னை உறுத்துவது வேறு. மலிவாகக் கிடைத்ததையெல்லாம் இந்தக் கணக்கு நிர்வாகத்தின் சாமர்த்தியமாகவே எழுதிக்கொள்கிறது. ஓக்லாந்தின் தூண்களான தெஹாதா, ஹட்சன், மல்டர், ஜிட்டோ நால்வருக்கும் அப்போது ஊதியம் குறைவு. ஆறு ஆண்டுப் பணி முடியும்வரை ஒருவர் வேறு அணியிடம் விலை பேச முடியாது என்ற விதிதான் அதற்குக் காரணம். தோனியைச் சென்னை 4 கோடிக்குத் தக்கவைத்ததும் 2025 பருவத்துக்காக மீண்டும் வந்த ஒரு விதியால்தான்: சர்வதேச ஆட்டத்தைவிட்டு ஐந்தாண்டு விலகியிருக்கும் இந்திய வீரரை, சர்வதேச அனுபவமே இல்லாதவர் பட்டியலில் சேர்க்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வாகன ஆலைகளிலும் ஒரு வண்டிக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளி நிற்கும் அதே லைனில் ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சித் தொழிலாளியும் குறைந்த சம்பளத்துக்கு நிற்கும்போது கூலிக்கணக்கு அழகாகத்தான் வரும். அந்த அழகைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரஹானேவை எடுத்தது கணிப்பு. தெஹாதாவை மலிவாக வைத்திருந்தது விதி. வெற்றிக்கு என்ன விலை என்று அட்டவணை போடுகிறவர்கள், அந்த ஆட்டக்காரருக்கு விலை பேசும் உரிமை இருந்ததா என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.