பாராட்டும் செப்பமும்: நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்களிடையே ஊக்கப் பரிமாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

நாஞ்சில் நாட்டு நவீன எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு வளர்த்தனர் என்பதற்கு நினைவுக்குறிப்புகளே இன்று முதன்மைச் சான்றுகளாக உள்ளன. அவை நட்பின் வரலாற்றைச் சொல்கின்றன. பிரதியில் நிகழ்ந்த உழைப்பைப் போதிய அளவு சொல்வதில்லை. எழுத்தாளர்க்கு எழுத்தாளர் தரும் ஊக்கத்தைப் பாராட்டாக மட்டுமன்றி வாசிப்பு உழைப்பாகவும் கொள்ளவேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, சுந்தர ராமசாமி, கிருஷ்ணன் நம்பி, எம்.எஸ்., நினைவுக்குறிப்பு, செப்பமிடுதல்.

முன்னுரை

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் ஒரு நூல் அவையேறிய வரலாற்றைச் சொல்கிறது. அதனைப் பாடிய பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்று உரைமரபு கூறும். நூலைக் கேட்டவர் அதங்கோட்டாசான். குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டை அவருடைய ஊராகக் கருதும் வழக்கு உண்டு. அவர் சுட்டிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறியதாக நச்சினார்க்கினியர் உரைக்கிறார். ஆக, நூலின் வாயிலில் இருவர் நிற்கின்றனர்: சிறப்பித்துப் பாடும் உடன்கற்றார் ஒருவர், குற்றம் தேடும் ஆசான் மற்றொருவர். நம் மரபு இருவரையும் பெயர் சுட்டிப் பதிவுசெய்துள்ளது. நவீன இலக்கிய வரலாறோ முதலாமவரையே பெரிதும் நினைவில் கொண்டுள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இதழும் இல்லமும்

சுந்தர ராமசாமியின் (1931-2005) இலக்கிய வாழ்வு, பிறிதோர் எழுத்தாளருக்கான பணியோடு தொடங்கியது. 1951இல் அவர் தொகுத்து வெளியிட்ட புதுமைப்பித்தன் நினைவு மலரிலேயே அவரது முதல் சிறுகதையும் இடம்பெற்றது. பின்னர் தொ.மு.சி. ரகுநாதனின் 'சாந்தி' இதழில் அவரது 'தண்ணீர்' கதை பரிசு பெற்றது. 'ஒரு புளியமரத்தின் கதை'யின் தொடக்கப் பகுதிகள் 'சரஸ்வதி'யில் வெளிவந்தன. அவ்விதழ் நின்றுபோனது, நாவல் 1966இல்தான் நூலாயிற்று. சிற்றிதழ்கள் தோன்றி மறையும் சூழலில் எழுத்தாளரைத் தொடர்ந்து எழுதச் செய்வது எது என்னும் வினா இங்கு எழுகிறது.

நாகர்கோவிலில் அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று அவரது இல்லமான 'சுந்தர விலாஸ்'. அங்கு 'காகங்கள்' என்ற பெயரில் நிகழ்ந்த கூட்டங்கள், இளைய எழுத்தாளர்கள் தம் கருத்துகளைப் பிறர்முன் வைத்து எதிர்க்கருத்தைக் கேட்கும் அவையாக இருந்தன. 1988இல் அவர் தொடங்கிய 'காலச்சுவடு' இவ்வுரையாடலுக்கு அச்சு வடிவம் தந்தது.

எனினும் இதனை நாஞ்சில் நாட்டு எழுத்து முழுமைக்குமான விளக்கமாகக் கொள்ளலாகாது. வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன் தம் ஊரை மும்பையிலிருந்து எழுதியவர். அவரது முதல் சிறுகதை 'விரதம்' 1975இல் 'தீபம்' இதழில் வந்தது. முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வெளியானது. ஊரிலமைந்த அவை ஒரு வழி. தொலைவிலிருந்து அடையும் இதழ் மற்றொரு வழி.

நினைவுக்குறிப்பின் எல்லை

அழகியபாண்டிபுரத்தைச் சேர்ந்த கிருஷ்ணன் நம்பி (1932-1976) 'மருமகள் வாக்கு' முதலிய கதைகளால் அறியப்படுபவர். அவருடனான நட்பைச் சுந்தர ராமசாமி 'நினைவோடை' வரிசையில் பதிவுசெய்தது, நம்பி மறைந்து ஏறத்தாழக் கால்நூற்றாண்டு கழிந்தபின்னர். சுந்தர ராமசாமி மறைந்ததையொட்டி ஜெயமோகன் 'நினைவின் நதியில்' நூலை எழுதினார். முன்னது சமவயது நண்பரின் குரல். பின்னது இளையவர் மூத்தவரை அணுகியும் விலகியும் பார்த்த பார்வை.

இரண்டிலும் இருப்பவர் பேசுகிறார், மறைந்தவர் பேசப்படுகிறார். இது நூலாசிரியர்களின் குறையன்று, அவ்வகைமையின் இயல்பு. உரையாடலின் சூடு, மனிதரின் தோற்றம், கருத்து முரண் ஆகியவற்றை நினைவு காத்துத்தருகிறது. ஒரு கதையின் எப்பகுதி யாருடைய சொல்லால் மாறியது என்பதை நினைவால் உறுதியாகச் சொல்ல இயலாது. மேலும், கூட்டங்கள் ஓர் இல்லத்தில் நடந்தமையால் விருந்தோம்பலும் அவ்விலக்கியச் சூழலின் உழைப்பேயாகும். எனவே கமலா ராமசாமியின் 'நெஞ்சில் ஒளிரும் சுடர்' நூலைக் குடும்ப நினைவாக ஒதுக்காமல், இலக்கிய வட்டத்தின் சான்றாகவும் வாசிக்க வேண்டும்.

செப்பமிட்ட கை

இவ்வாய்வுக்கு மையமானவர் எம்.எஸ். எனப்பட்ட திருப்பதிசாரம் எம். சிவசுப்ரமணியன். 2017இல் மறைந்த இவர் மொழிபெயர்ப்பாளராக அறியப்பட்டவர். சுந்தர ராமசாமி, ஜெயமோகன் உள்ளிட்டோரின் எழுத்துகளை அச்சேறுமுன் படித்துச் செப்பமிட்டவரும் இவரே. ஒற்றுப்பிழை நீக்குதல், தொடரின் தடையைச் சுட்டுதல், பெயரோ காலமோ முரண்படும் இடத்தைக் காட்டுதல் என்பன செப்பமிடுவோர் பணிகள். அப்பணி வெற்றிபெறும்போது வாசகர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நூல்வரிசையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படும் இலக்கிய வரலாற்றில் இத்தகையோர் ஒரு நன்றியுரை வரியாகச் சுருங்குவது இதனாலேயே.

டி.எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' 1922இல் வெளிவந்தது. எஸ்ரா பவுண்ட் அதனைச் சுருக்கிச் செப்பமிட்டார் என்பது அறியப்பட்ட செய்தியே. ஆயினும் 1971இல் அவருடைய குறிப்புகளோடு கூடிய கையெழுத்துப்படி அச்சான பின்னரே, அவர் நீக்கியது எது, எலியட் ஏற்க மறுத்தது எது என்பதை எல்லோரும் வரிவரியாக ஆராய முடிந்தது. நட்பு பற்றிய செய்தி பிரதிச் சான்றாக மாறியது.

இத்தகைய சான்று இன்றேல் மறுதலையான வினாவுக்கும் விடை காண இயலாது. ஒரே சுவையுடைய வட்டம் இளையவரின் தனிநடையை வளர்த்ததா, தன் அச்சில் வார்த்ததா? புகழுரையாலோ குற்றச்சாட்டாலோ இதனைத் தீர்க்க முடியாது. திருத்தம் பெற்ற படியும் அச்சான படியும் அருகருகே இருந்தால் தீர்க்கலாம்.

முடிவுரை

நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்களிடையே நிலவிய ஊக்கம், நேரம் ஒதுக்கிப் படித்தல், மறுத்துப் பேசுதல், செப்பமிடுதல், இடமளித்தல் என்னும் பணிகளாக இயங்கியது. அவற்றை ஆராய முன்னுரைகள், நன்றியுரைகள், கடிதங்கள், திருத்தப் படிகள் ஆகியன முதன்மைத் தரவுகளாக வேண்டும். பரண்களில் உள்ள தாள்கள் கரையானுக்கு இரையாகுமுன் அவற்றைத் திரட்டுவது இவ்வட்டாரக் கல்லூரி, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளால் இயலக்கூடிய பணி. பனம்பாரனாரின் பாயிரம் அதங்கோட்டாசானின் பெயரையும் காத்துத் தந்தது. திருத்தியவரின் பெயரையும் உரிய இடத்தில் குறிப்பது இன்றைய ஆய்வாளரின் கடமை.